இரண்டாம் ஆண்டின் வாயில்

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்திற்குச் செல்லும் சாலையில் பெருமுக்கல் என்றோர் ஊர் உண்டு. குன்றும், குன்றின் மேல் கோயிலும் உடைய பழைய ஊர். ஆசிரியப் பணியிலிருந்து 2018-இல் ஓய்வு பெற்ற பின் நான் அவ்வூரில்தான் வாழ்ந்து வருகிறேன். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் என் வீட்டுத் திண்ணைக்குச் சிலர் வருவார்கள். வயலில் வேலை செய்பவர்கள், கிழக்கே உப்பளங்களில் உப்பு வாருபவர்கள், கடலுக்குச் செல்பவர்கள். பெரும்பாலும் தந்தை பேசுவார். பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவர்கள் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே: "வாத்தியார் ஐயா, இவனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கலாம் என்று பார்க்கிறேன். சேர்த்தால் படிப்பு அதோடு முடிந்துபோகுமா? பெரிய காலேஜுக்கு அப்புறம் போக முடியாதா?"

இக்கேள்விக்குச் சரியான விடை எனக்கே நெடுநாள் தெரியாமல் இருந்தது. அதனால் ஒரு பெண்ணுக்கு நான் இழைத்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014-இல் நான் இப்பகுதியில் ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி கணக்கில் மிகுந்த திறமையுடையவளாக இருந்தாள். அவள் தந்தையும் தாயும் உப்பளத் தொழிலாளர்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டால் பாத்திகளில் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். "மூன்று ஆண்டில் ஒரு வேலைக்குப் போய்விடலாம்" என்ற எண்ணத்தில் அவளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க முடிவு செய்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மேல்நிலைப் படிப்பில் அவள் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தருவாள் என்று நான் எண்ணியிருந்தேன். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டுக் கொடுக்கையில், "உன் படிப்பை நீயே குறுக்கிக்கொண்டாய், அம்மா" என்று கூறினேன். அவள் ஒன்றும் பேசாமல் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனாள்.

ஐந்து ஆண்டு கழித்து, 2019-இல், தன் தம்பியை அழைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தாள். 2017-இல் நல்ல மதிப்பெண்ணோடு பட்டயம் பெற்று, ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பேச்சினிடையே அவள் சொன்னாள்: "பட்டயம் முடித்தவர்கள் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாமாம், ஐயா. என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் சொன்னார். எனக்கு யாரும் சொல்லவில்லையே." அவள் என்னைக் குறை கூறவில்லை. ஆனால் படிப்பு குறுகிவிட்டது என்று சொன்னவன் நான். அது குறுகவில்லை என்பதையும், வேறொரு வழியாகச் செல்கிறது என்பதையும் சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான்.

அன்று முதல் இப்பொருளைப் பற்றி விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சிறிய கல்லூரியில் தொடங்கிப் பெரிய கல்லூரியில் முடிப்பது நம் நாட்டில் புதிய பழக்கம் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஃப்.ஏ. என்னும் இரண்டாண்டுப் படிப்பு இருந்த காலத்தில், அவ்வளவு மட்டும் கற்பிக்கும் கல்லூரிகள் மாவட்ட நகரங்களில் இருந்தன. அவற்றை இரண்டாந்தரக் கல்லூரிகள் என்பார்கள். அந்தத் 'தரம்' கல்லூரி கற்பிக்கும் படிப்பின் அளவைக் குறித்ததேயன்றி மாணவரின் தரத்தைக் குறித்ததன்று. பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிசுக் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தார், அதன் பின்னரே சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே அவர் தத்துவத்தைப் பாடமாக எடுத்ததற்கு ஒரு காரணம், அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவ நூல்களை அவருக்குக் கொடுத்ததுதான். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம்! ஏழை வீட்டுப் பிள்ளை பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை அன்றும் இன்றும் அவ்வளவாக மாறிவிடவில்லை.

மற்றொருவர் அப்துல் கலாம். இவர் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954-இல் பி.எஸ்ஸி. முடித்தார். தாம் விரும்பியது பொறியியல் என்பதும், இண்டர்மீடியட் முடித்தபோதே அதற்குப் போயிருக்கலாம் என்பதும் படிப்பின் இறுதியில்தான் தமக்கு விளங்கின என்று தம் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். நல்ல வேளையாக, குரோம்பேட்டையில் சி. இராஜம் 1949-இல் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாண்டில் பொறியியல் கற்பித்துவந்தது. அங்கே கலாமுக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அவருடைய தமக்கையார் சொகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். இந்தச் செய்தியை எல்லோரும் மேடைகளில் சொல்லுகிறார்கள். ஆயினும் அதில் மறைந்திருக்கும் மற்றொரு செய்தியை ஒருவரும் சொல்லுவதில்லை. பி.எஸ்ஸி. முடித்தவனையும் உள்ளே விடும் ஒரு வாயிலை அந்த நிறுவனம் திறந்து வைத்திராவிட்டால், அந்த வளையல்களால் என்ன பயன் விளைந்திருக்கும்?

அமெரிக்காவில் இவ்வாயில் நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் ஏற்பாடாகவே வளர்ந்திருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்னும் நகரில் 1901-இல் ஆறே மாணவர்களோடு ஓர் இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. சமுதாயக் கல்லூரி என்று இன்று வழங்கும் கல்லூரிகளுக்கு அதுவே முன்னோடி. கலிபோர்னியா மாநிலம் 1960-இல் ஓர் உயர்கல்வித் திட்டம் வகுத்தது. உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களில் மேல்நிலையிலுள்ள எட்டில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பெரும் பல்கலைக்கழகம். மூன்றில் ஒரு பங்கினருக்கு மற்ற அரசுக் கல்லூரிகள். விரும்பி வரும் ஏனையோர் யாவருக்கும் சமுதாயக் கல்லூரி. சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு நன்றாகப் படித்தவர் பெரும் பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் ஆண்டில் சேரலாம். பள்ளிப் பருவத்தில் பின்தங்கியவனுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே அத்திட்டத்தின் உயிர்.

சமுதாயக் கல்லூரி என்ற பெயர் நம் நாட்டிற்கும் வந்தது. நம் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் 1995-இல் அப்படியொரு கல்லூரியைத் தொடங்கியது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனத் தனித் திட்டமே வகுத்தது. எனினும் நம் ஊர்ப் பிள்ளைகள் பெருந்தொகையாகக் கடந்துசெல்லும் வழி அதுவன்று. நம் நாட்டில் ஒரு கல்லூரியில் பட்டப் படிப்பைத் தொடங்கி நடுவில் வேறு பல்கலைக்கழகத்திற்கு மாறுவது அரிது. பெற்ற பாட அலகுகளைச் சேமித்து எடுத்துச்செல்லும் 'கல்வி அலகு வங்கி' 2021-இல் ஏற்பட்டிருக்கிறது. அது இருப்பதாலேயே வேறு கல்லூரி ஒன்று இடம் கொடுத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். நம்மிடம் உறுதியாகத் திறந்திருக்கும் வாயில்கள் ஒரு படிப்பு முடிந்து மற்றொன்று தொடங்கும் மூட்டுகளில்தான் இருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது பட்டயத்திலிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டிற்குச் செல்லும் வாயில்.

அதன் முறை இது. பத்தாம் வகுப்பிற்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் படித்துப் பட்டயம் பெற்றவர், பி.இ. வகுப்பின் முதலாண்டைப் படிக்காமல் நேரே மூன்றாம் பருவத்தில் சேரலாம். நான்காண்டுப் படிப்பு அவருக்கு மூன்றாண்டாகும். ஆகவே பத்தாம் வகுப்பிலிருந்து கணக்கிட்டால், மேல்நிலைப் பள்ளி வழியாகச் செல்பவருக்கும் ஆறு ஆண்டு. பட்டயம் வழியாகச் செல்பவருக்கும் ஆறு ஆண்டு. ஓராண்டும் வீணாவதில்லை. அன்றியும் நடுவழியில் குடும்பத்திற்கு இடர் வந்தால், பட்டயம் பெற்றவர் கையில் வேலைக்குரிய தகுதி ஒன்று இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் கையில் அது இராது. உப்பளத் தொழிலாளி ஒருவர் இதைக் கணக்கிட்டுத்தான் தம் மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். தலைமையாசிரியனாகிய நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

இடங்கள் எத்தனை? அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிப்படி, ஒரு பிரிவிற்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் நூற்றுக்குப் பத்து இடம் இவர்களுக்கு உண்டு. அறுபது பேர் கொண்ட வகுப்பானால் ஆறு இடம். முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் இவர்களுக்கே சேரும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெயர்பெற்ற கல்லூரிகளில் முதலாண்டு இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிடுவதால் அங்கே அந்த ஆறே மிஞ்சும். போட்டி அவற்றுக்குத்தான். பிற கல்லூரிகளில் இடத்திற்குப் பஞ்சமில்லை. ஆகையால் "எனக்கு எங்காவது இடம் கிடைக்குமா?" என்பது உங்கள் கேள்வியாக இருக்க வேண்டுவதில்லை. "நான் விரும்பும் கல்லூரியின் ஆறு இடங்களில் ஒன்று எனக்குக் கிடைக்குமா?" என்றே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டயப் படிப்பில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை அமைகிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் விண்ணப்பங்களைப் பெற்றுக் கலந்தாய்வு நடத்துகிறது. அறிவிப்பு பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வரும். அப்போது சாதிச் சான்றிதழுக்காகவும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்காகவும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடுபவர்களை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். இச்சான்றிதழ்களை ஐந்தாம் பருவத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாமே! அறிவில் குறைந்து இடம் இழந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை; ஒரு தாளுக்காக இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

கணிதத்தை ஒரு பாடமாகப் படித்துப் பி.எஸ்ஸி. பெற்றவர்களுக்கும் இவ்வாயில் திறந்திருக்கிறது. அவர்கள் முதலாண்டிற்குரிய பொறியியல் வரைபடம், பொறியியல் இயக்கவியல் ஆகிய பாடங்களைக் கூடுதலாக எழுதித் தேற வேண்டும்.

சேர்வதைப் பற்றி இதுவரை சொன்னேன். சேர்ந்த பின் நேர்வதைப் பற்றிச் சொல்லுபவர் குறைவு. மூன்றாம் பருவத்தில் வகுப்பிற்குள் நுழையும் பட்டய மாணவருக்கு ஆய்வுக்கூடமும் பட்டறையும் வரைபடமும் பழகிய வீடு போன்றவை. கருவியைத் தொட அஞ்சும் மற்ற மாணவர்கள் முதல் வாரத்திலேயே அவரை நாடி வருவார்கள். ஆனால் அதே வாரத்தில் கணித வகுப்பும் நடக்கும். பல பிரிவுகளில் மூன்றாம் பருவக் கணிதம் ஃபூரியர் தொடர், ஃபூரியர் உருமாற்றம், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று செல்லும். இவற்றுக்கு அடிப்படையான நுண்கணிதத்தை மற்றவர்கள் மேல்நிலைப் பள்ளியில் ஈராண்டும், பி.இ. முதலாண்டில் இரு பருவமும் பயின்று வந்திருப்பார்கள். பட்டய மாணவர் அதில் ஒரு பகுதியையே கற்றிருப்பார். அதையும் தம் முதலாண்டில் கற்று மறந்திருப்பார். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாறியையும் அதன் கொசைனையும் பெருக்கித் தொகையிட்டு, "இது உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று கூறி அடுத்த வரிக்குச் சென்றுவிடுவார். அந்த ஒரு வரியில்தான் நம் பிள்ளை பின்தங்கிவிடுகிறான். அவனுக்கு அறிவு குறைவன்று. ஒரு படி அவன் காலடியில் இல்லை, அவ்வளவே. ஆனால் அவன் அதை அவ்வாறு எண்ணுவதில்லை. "நான் பாலிடெக்னிக்காரன், எனக்கு இது வராது" என்று எண்ணிக்கொள்கிறான்.

மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லுவது எளிதில் விளங்கும். உவர்நீரை நேரே உப்பு விளையும் பாத்தியில் பாய்ச்சமாட்டார்கள். முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிடுவார்கள். கடல்நீரின் அடர்த்தி பௌமே அளவுகோலில் மூன்று பாகைக்குச் சற்று மேல் இருக்கும். அது ஏறி ஏறி இருபத்தைந்து பாகையை நெருங்கும்போதுதான் உப்புப் பூக்கத் தொடங்கும். அந்தப் பக்குவத்தில் நீரைக் கடைசிப் பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். முன்னதாகத் திறந்தால் பாத்தியில் வெறும் நீர் நிற்கும். காலம் தாழ்த்தினால் விளைய வேண்டிய உப்பு முந்திய பாத்தியிலேயே படிந்துவிடும். மடை எந்நேரமும் இருக்கிறது. திறக்கும் பருவம் ஒன்றே ஒன்று.

கல்லூரி மாறுவதும் ஏறத்தாழ அவ்வாறே. பட்டய மாணவர் பி.இ.க்குச் செல்வதாகத் தம் நான்காம் பருவத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். செய்தால் அவருக்கு ஓராண்டு கையில் இருக்கும். மேல்நிலை வகுப்புக் கணிதப் புத்தகத்தில் வகையிடல், தொகையிடல் என்னும் இரு பகுதிகளை மட்டும், நாளுக்கு ஒரு மணி நேரம், அந்த ஓராண்டில் அமைதியாகக் கற்றுவிடலாம். அப்புத்தகம் தமிழிலும் இருக்கிறது, விலையும் குறைவு. இறுதித் தேர்வுக்குப் பின் முடிவு செய்பவருக்கு இரண்டு மாதம்தான் உண்டு. அதிலும் பாதி சான்றிதழ் வாங்குவதில் கழிந்துவிடும்.

கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் நம் வட்டாரத்து அரசுக் கல்லூரியில் கணிதமோ இயற்பியலோ வேதியியலோ பி.எஸ்ஸி. படிக்கிறீர்கள். சென்னையில் 1959 முதல் இயங்கிவரும் ஐ.ஐ.டி.யைச் சாலையிலிருந்து பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்போடு அதன் கதவு உங்களுக்கு மூடிவிட்டது என்றும் நினைத்திருப்பீர்கள். அது மூடவில்லை. ஐ.ஐ.டி.களில் ஈராண்டு எம்.எஸ்ஸி. படிப்பில் சேர 'ஜாம்' என்னும் தேர்வு நடக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், புள்ளியியல், நிலவியல், உயிரித் தொழில்நுட்பம், பொருளியல் என ஏழு பாடங்களில் அதை எழுதலாம். நீங்கள் படித்த கல்லூரியின் பெயரைக் கொண்டு அங்கே தரவரிசை அமைவதில்லை. தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பமோ அதற்கு முந்திய செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே முடிந்துவிடும். மூன்றாம் ஆண்டு தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருக்கும். 'மேலே என்ன படிக்கலாம்' என்று வீட்டில் யாரும் அப்போது பேசத் தொடங்கியிருக்கமாட்டார்கள். பட்டம் வாங்கிய பின் கேட்பவருக்கு ஓராண்டு போய்விடுகிறது. ஆகவே இரண்டாம் ஆண்டு முடியும்போதே கேளுங்கள். உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், அடுத்த ஆசிரியரிடம் கேளுங்கள். எனக்குத் தெரியாதிருந்தது போல அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

அந்தத் தம்பியின் செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவன் 2019-இல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். அடுத்த ஆண்டு நோய்த்தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டன. அவன் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. கைப்பேசியில் நடந்த வகுப்பில் அவனுக்குப் பாதி கேட்கும், பாதி கேட்காது. ஊரடங்கு தளர்ந்த பின் மாலை வேளைகளில் மிதிவண்டியில் என் வீட்டிற்கு வருவான். திண்ணையின் ஒரு கோடியில் அவனும் மறு கோடியில் நானுமாக அமர்ந்து, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொகையிடல் கணக்குகளைப் போட்டோம். பல ஆண்டுகளாக நிருவாகத்தையே பார்த்துவந்த எனக்கும் அவை மறந்துதான் போயிருந்தன. சில கணக்குகளை அவன் எனக்கு முன்னால் முடித்துவிட்டு, நான் முடிக்கும் வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். நல்ல மரியாதையுள்ள பையன்.

2022-இல் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். விடுதிக் கட்டணத்தைத் தமக்கை கட்டினாள். மூன்றாம் பருவக் கணிதத்தில் அவன் பெற்ற மதிப்பெண் பெருமை பேசும் அளவிற்கு இல்லை, ஆனால் தேறிவிட்டான். 2025-இல் பட்டம் பெற்றான். சான்றிதழைக் காட்ட இருவருமாக வந்தார்கள். அவன் உள்ளே தண்ணீர் குடிக்கச் சென்ற நேரத்தில், "ஐயா, பட்டயம் முடித்து எட்டு ஆண்டாகிவிட்டதே. இப்போது நான் விண்ணப்பித்தால் ஏற்றுக்கொள்வார்களா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அறிவிப்பு வந்ததும் அனுப்புகிறேன், அம்மா, விதிகளை வரி விடாமல் படித்துப் பார்ப்போம்" என்றேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை அன்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதன் ஓரங்களில் அவள் தம்பியின் கையெழுத்து இருக்கிறது.